விம்பர்லி மாளிகையின் மயில் மானிட்டர்

விம்பர்லி மாளிகையில் இரண்டு படிக்கட்டுகள். பெரியது கருத்த ஓக் மரம். கைப்பிடி நெடுக மாதுளம்பழச் செதுக்கல், திருப்பத்துக்குத் திருப்பம் சிறகு முளைத்த சிங்கம். அக்கம்பக்கத்து மாளிகைக்காரர்கள் எல்லாம் தங்கள் வீட்டில் ஏதோ ஒரு ராணி ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போனதாகப் பீற்றிக்கொள்வார்கள். விம்பர்லிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் படியில் ஒரு ராணி தடுக்கி விழுந்தார் என்று சொல்லித் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். இன்னொன்று வேலைக்காரர் படி. குறுகல், இருட்டு, வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனை.

கடைசி உரிமையாளரான கர்னல், மாளிகையை மாவட்ட நிர்வாகத்துக்கு விற்றார். அவர்கள் அதைப் பெண்களுக்கான கிராமர் ஸ்கூல் ஆக்கினார்கள். பதினோரு வயதில் பரீட்சை எழுதித் தேறியவர்களுக்கு மட்டும் இடம். வேலைக்காரர்கள் போய்விட்டார்கள், வழக்கம் மட்டும் போகவில்லை. கோட்டில் பேட்ஜ் குத்தியவள் பெரிய படியில் ஏறலாம், இறங்கலாம். வெறும் கோட்டுக்காரிக்குப் பின்படி.

டெஸ்ஸா பிரிட்செட் இரண்டு வருடமாகப் பின்படிக்காரி. இத்தனைக்கும் அந்தப் பள்ளியில் பேட்ஜுக்குப் பஞ்சமே கிடையாது. ஜன்னல் திறக்கிறவளுக்கு ஒன்று, சாக்பீஸ் எடுத்து வருகிறவளுக்கு ஒன்று, பியானோ மூடியைத் தூக்கிப் பிடிக்கிறவளுக்குக்கூட ஒன்று. டெஸ்ஸாவுக்கும் ஒருமுறை மணி பேட்ஜ் கிடைத்தது. முதல் நாளே பசி தாங்காமல் சாப்பாட்டு மணியைச் சீக்கிரமாக அடித்துவிட்டாள். முந்நூறு பெண்கள் தட்டோடு வந்து நின்றபோது உருளைக்கிழங்கு அடுப்பிலேயே ஏறியிருக்கவில்லை. பெரிய படியில் ஒரு தடவை கால் வைப்பதற்குள் பேட்ஜைக் கழற்றிவிட்டார்கள்.

அவள் அக்கா ஹிலரி வேறு ரகம். பதினாறு வயதுக்காரிகளின் வகுப்பான ஐந்தாம் ஃபார்ம், மாணவிகளை மேய்க்கும் பிரிஃபெக்ட், வெள்ளி பேட்ஜ். காலையில் வீட்டில் குளியலறைக் கதவைப் போட்டு உதைத்துச் சண்டை பிடிப்பவள்தான். பள்ளிக்கு வந்துவிட்டால், மாதுளம்பழங்களின் மேல் ஒரு விரலை ஓடவிட்டுக்கொண்டு பெரிய படியில் இறங்கி வருவாள். கீழே நிற்கும் டெஸ்ஸாவை முன்பின் பார்த்த மாதிரியே இருக்காது. டெஸ்ஸாவுக்கு வயிறு எரியும். ஒரே ஒரு தடவை, எல்லோரும் பார்க்க, அந்தப் படியில் இறங்க வேண்டும். இரண்டு வருடமாக அவள் வேறெதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

அந்த ஜூனில் தலைமை ஆசிரியை மிஸ் தார்ப் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"பிரிட்செட், உனக்கு மயில் பிடிக்குமா?"

"பிடிக்காது, மிஸ்."

"யாருக்குமே பிடிக்கலங்கறாங்க. அதனாலதான் உன்ன கூப்பிட்டேன்."

மயில்களைத் துரத்தக்கூடாது என்பது கர்னல் வீட்டை விற்றபோது போட்ட நிபந்தனை. மற்றவை போய்ச்சேர்ந்து, ஒன்றே ஒன்று மிச்சம். அதன் பெயரும் கர்னல். இரண்டு கர்னல்களையும் அறிந்தவர்கள், குரலில் வித்தியாசம் தெரியாது என்பார்கள். பரிசளிப்பு விழாவில் பிஷப் பேச எழுந்தால் கத்தும். மயிலுக்குக் கல்யாண காலமான ஜூனில் காரணமே வேண்டாம், காற்றடித்தாலே கத்தும். ஐந்தாம் ஃபார்ம் பெண்கள், டேப்பில் ஓடும் பிரெஞ்சுப் பேச்சைக் கேட்டுப் பதில் எழுதும் பரீட்சையும் அதே ஜூனில்தான்.

பரீட்சை நடப்பது பழைய நடன மண்டபத்தில். அதன் ஜன்னல்கள் பாதி திறந்தபடி இறுகிப்போனவை. பழமை காக்கும் அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் விம்பர்லியில் ஒரு ஆணி அடிக்க முடியாது, ஒரு கீலுக்கு எண்ணெய் விட முடியாது. அனுமதி கேட்டு எழுதிப் பல வருடம் ஆயிற்று. பதில் வரவில்லை, ஜலதோஷம் மட்டும் வருடம் தவறாமல் வந்தது. போன வருடம் டேப்பில் பிரெஞ்சுக்காரி பேசிக்கொண்டிருக்கும்போதே கர்னல் வெளியிலிருந்து கத்தித் தீர்த்துவிட்டது. பள்ளி, பரீட்சை வாரியத்துக்கு எழுதிப் போட்டது. வாரியம் இரக்கப்பட்டு எல்லோருக்கும் கருணை மதிப்பெண் போட்டது. தாளில் தன் பெயரை மட்டும் ஒழுங்காக எழுதியிருந்த ஒருத்திகூடத் தேறினாள்.

மிஸ் தார்ப்புக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. தலைமை ஆசிரியைகளின் விருந்தில், டவுன் பள்ளிக்காரி சூப்பை ஆற்றிக்கொண்டே கேட்டாளாம்: "உங்க பிரெஞ்சு டீச்சருக்கு இந்த வருஷமும் தோகை விரிஞ்சிருக்கா?"

"பரீட்சை முடியற வரைக்கும் அந்த மயில் வாயே திறக்கக்கூடாது" என்றார் மிஸ் தார்ப். "திறக்கலன்னா உனக்கு மயில் மானிட்டர் பேட்ஜ். வருஷம் பூரா வச்சுக்கலாம்."

"பேட்ஜ்னா... பெரிய படி உண்டா, மிஸ்?"

"பேட்ஜ்னா பெரிய படிதான். புதுசா என்ன கேள்வி?"

டெஸ்ஸா கர்னலைப் படிக்கத் தொடங்கினாள். லத்தீனுக்கு இதில் பாதி உழைத்திருந்தால் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பாள். கர்னலுக்கு ஆப்பிள் வேண்டாம், ரொட்டி வேண்டாம். உலர்திராட்சை பன் என்றால் உயிர். அதையும் முழுசாகக் கொடுத்தால் விழுங்கிவிட்டு நன்றியாக ஒரு கத்தல் கத்தும். ஒவ்வொரு திராட்சையாகப் பிய்த்துப் போட்டால், அடுத்தது எப்போது வரும் என்ற யோசனையிலேயே வாயை மூடிக்கொண்டு நிற்கும். கத்தப்போகும் முன் கழுத்து எப்படி நீளும், முதல் கத்தலுக்கும் இரண்டாம் கத்தலுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடியாயிற்று. குளியலறையில் தானும் கத்திப் பார்த்தாள். பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டு அன்று முழுவதும் வெளியே வரவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஹிலரி தன் சாக்லேட்டில் பாதியை உடைத்துத் தங்கையின் தட்டோரம் வைத்தாள். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று டெஸ்ஸாவுக்குத் தெரியாதா என்ன.

"என்ன வேணும்?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். ஏன்டி, அக்கா ஒரு துண்டு சாக்லேட் குடுக்கக்கூடாதா?"

"போன தடவை குடுத்தப்போ, உடைஞ்ச பூந்தொட்டிய நான் உடைச்சதா சொல்லச் சொன்ன."

ஹிலரி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு உன் கர்னல் ஒரு சத்தம் போட்டா போதும். டேப் ஓடும்போது, ஒரே ஒரு சத்தம்."

"அது போட்டா எனக்கு பேட்ஜ் போச்சு."

"பேட்ஜ்தானே."

"உனக்கு 'தானே'. தினம் அந்தப் படியில ராணி மாதிரி இறங்கி வர்றவ நீ."

"ராணி விழுந்துட்டா, தெரியுமில்ல?" என்றாள் ஹிலரி. பிறகு குரல் இறங்கிற்று. "எனக்கு அந்த டேப்புல ஒண்ணுமே புரியமாட்டேங்குது, டெஸ்ஸா. எழுத்துல இருந்தா புரியுது. பேசினா, வாயில கோலிக்குண்ட போட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு. பிரெஞ்சு போச்சுன்னா ஆறாம் ஃபார்ம் கிடையாது. மார்ஜரி அத்தை கடையில பட்டன் வித்துக்கிட்டு நிக்கணும்."

"பட்டன் கடை நல்லாத்தான் இருக்கும். விதவிதமா இருக்கும்."

"நீ கல்நெஞ்சக்காரி."

"நீ பள்ளிக்கூடத்துல என்கிட்ட பேசினதே இல்ல."

ஹிலரி எழுந்து போய்விட்டாள். சாக்லேட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் போனதுதான் டெஸ்ஸாவுக்கு உறுத்தியது. மற்ற நாளாக இருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

மறுநாள் டெஸ்ஸாவுக்கு லத்தீன் வகுப்பிலிருந்து விலக்கு. பை நிறையப் பன்னோடு தேவதாரு மரத்தடியில் கர்னலை நிறுத்தி, ஒவ்வொரு திராட்சையாகப் போட்டுவிட்டு, உதிர்ந்த பன் தூளைத் தன் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். புல்வெளிக்கு அப்பால் நடன மண்டபத்து ஜன்னல்கள். டேப் ஓடத் தொடங்கியதும் பிரெஞ்சுக்காரியின் குரல் தெளிவாக வந்தது. கர்னல் தலையைச் சாய்த்துக் கேட்டது. வாய் திறக்கவில்லை. எல்லாம் சொன்னபடி நடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பேட்ஜ் அவளுடையது. எந்தத் திருப்பத்தில் நின்று கீழே பார்ப்பது என்றுகூட டெஸ்ஸா முடிவு செய்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் மூன்றாவது ஜன்னலில் ஹிலரியின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. பேனா மேசையில் கிடந்தது. ஜடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மேற்கூரையில் குண்டுக் குழந்தைகளுக்குச் சிறகு வைத்துச் செய்த சுதைச் சிற்பங்கள் உண்டு, அவற்றையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிலரி ஜடையைக் கடித்து டெஸ்ஸா பார்த்தது அதற்கு முன்னால் ஒரே தடவைதான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது.

டெஸ்ஸாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அக்கா மேல், மயில் மேல், அந்தப் படியைச் செய்த தச்சன் மேல். பேட்ஜ் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டிருக்கும்போதே கை பன்னைப் பைக்குள் போட்டு மூடிவிட்டது.

"கத்து" என்றாள் கர்னலிடம்.

கர்னல் அவளைப் பார்த்தது. திராட்சைக்காகக் காத்திருந்தது.

மயிலே மயிலே என்றால் இறகு போடுமா? டெஸ்ஸா கோட்டைக் கழற்றி வீசினாள். கைதட்டினாள். உன் தோகையைவிட எங்கள் வீட்டுத் துடைப்பம் அழகு என்று மெல்லிய குரலில் சொன்னாள். பிஷப்பைப் பேசவிடாத பறவை, பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது வாயை மூடியிராத பறவை, அன்றைக்குப் பார்த்து மடத்துச் சன்னியாசி மாதிரி நின்றது. பிறகு நிதானமாகத் தோகையை விரித்து, ஒரு சுற்றுச் சுற்றி, அவளுக்குத் தன் பின்புறத்தைக் காட்டியது.

உள்ளே பிரெஞ்சுக்காரி பேசிக்கொண்டே போனாள். ஹிலரி இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்ஸா கழுத்தை நீட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். ஒருமுறை, இரண்டுமுறை, வேகம் அடங்காமல் மூன்றாவது முறையும். நடுவில் பன் தூள் தொண்டையில் சிக்கி ஒரு இருமல்.

டேப் நின்றது. தோட்டத்துக் கதவு திறந்தது. மிஸ் தார்ப் புல்வெளியைக் கடந்து, அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். அவசரப்படாமல் வரும் மிஸ் தார்ப்புக்குத்தான் பள்ளியே பயப்படும்.

"பிரிட்செட்."

"மிஸ்."

"இப்ப ஒரு சத்தம் கேட்டுதே."

டெஸ்ஸா கர்னலைப் பார்த்தாள். அது எப்படியோ ஒரு பன் துண்டைப் பையிலிருந்து இழுத்து வாய் நிறைய வைத்துக்கொண்டிருந்தது.

"மயில், மிஸ்."

"மயில் ரெண்டு தடவதான் கத்தும். இது மூணு. நடுவுல இருமல் வேற."

"கர்னலுக்கு ரெண்டு நாளா சளி, மிஸ்."

மிஸ் தார்ப் குனிந்து கர்னலைப் பார்த்தார். "அப்படியா?" என்று அதனிடமே கேட்டார். கர்னல் விழுங்கியது. அவர் நிமிர்ந்தார்.

"நீ மயில்னு சொன்னா, நான் உள்ள போய் மயில்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு வாரியத்துக்கு அனுப்புவேன். எல்லாருக்கும் மார்க் வந்துடும். அதனால யோசிச்சுச் சொல்லு. உன் வார்த்தைக்குக் கீழ என் பேரு இருக்கும்."

இப்படிச் சொன்னால் ஒருத்தி எப்படிப் பொய் சொல்வாள். மிஸ் தார்ப் அதட்டியிருந்தால் டெஸ்ஸா மயில் என்றே சாதித்திருப்பாள். அந்த அம்மாள் மரியாதை கொடுத்துக் கெடுத்துவிட்டார்.

"நான்தான், மிஸ்."

"யாரு கத்தச் சொன்னது?"

"யாரும் இல்ல, மிஸ்."

மிஸ் தார்ப்பின் பார்வை மூன்றாவது ஜன்னலுக்குப் போனது. அங்கே ஹிலரி இப்போது வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் தார்ப் பார்வையைத் திருப்பி, தேவதாரு மரத்தைக் கொஞ்சம் பார்த்தார், வானத்தைக் கொஞ்சம் பார்த்தார். "மழை வராது போல" என்றுவிட்டு உள்ளே போனார். ஆள் போட்ட சத்தத்துக்குக் கருணை மதிப்பெண் கிடையாது. டேப்பைப் பின்னால் ஓட்டி அந்தப் பகுதியை மறுபடி போட வேண்டும், அவ்வளவுதான் விதி. போட்டார்கள். பிரெஞ்சுக்காரி சொன்னதையே திரும்பச் சொன்னாள்.

அக்காவுக்கு மதிப்பெண்ணும் இல்லை, தனக்கு பேட்ஜும் இல்லை. இரண்டையும் ஒரே கத்தலில் தொலைத்துவிட்டு டெஸ்ஸா மிச்சப் பன்னைத் தானே தின்றாள்.

பரீட்சை முடிந்ததும் மிஸ் தார்ப் தன் அறைக்குக் கூப்பிட்டார். கர்னல் காலத்தில் துப்பாக்கி வைக்கிற அறை அது. சுவரில் இன்னும் மான் தலைகள். அவற்றைக் கழற்றவும் அனுமதி வரவில்லை. மேசை மேல் ஒரு நீல பேட்ஜ் இருந்தது.

"மயில் வாய் திறந்துதா?" என்றார்.

"இல்ல, மிஸ்."

"நான் கேட்டது மயிலத்தான். உன்னப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, அது என் தப்பு. வா இப்படி." பேட்ஜை எடுத்து அவரே டெஸ்ஸாவின் கோட்டில் குத்தினார். "சொன்ன சொல் சொன்னதுதான். அடுத்து, பரீட்சை நேரத்துல கத்தினதுக்கு தண்டனை. சனிக்கிழமை வந்து பெரிய படிக்கட்ட மெழுகு போட்டுத் துடைக்கணும். ஒவ்வொரு மாதுளம்பழமும் பளபளன்னு இருக்கணும். சிங்கத்தோட காதுக்குள்ளயும்."

டெஸ்ஸாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ரெண்டுமா, மிஸ்?"

"ரெண்டுக்கும் வேலை செஞ்சிருக்கியே."

அன்று மதியம் டெஸ்ஸா பேட்ஜோடு பெரிய படியின் உச்சியில் போய் நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள், அவள் ஆசைப்பட்டபடியே. ஐந்தாம் ஃபார்ம் பெண்களும் கீழே நின்று பார்த்தார்கள். கருணை மதிப்பெண் கைநழுவியது யாரால் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. "நம்ம மார்க்க வித்துட்டு பேட்ஜ் வாங்கினவ" என்றாள் ஒருத்தி. "வாத்துகூட இதவிட நல்லா கத்தும்" என்றாள் இன்னொருத்தி. ஹிலரி அவர்கள் நடுவில் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டெஸ்ஸா திரும்பி, முட்டைக்கோஸ் வாசனையோடு பின்படியில் இறங்கிப் போனாள். வீட்டில் ஹிலரி குளியலறைக் கதவை உதைக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை பள்ளி காலி. டெஸ்ஸா மெழுகு டப்பாவும் பழந்துணியுமாக மேல் படியில் மண்டியிட்டு ஆரம்பித்தாள். கிட்டத்தில் பார்த்தால் அந்த மாதுளம்பழங்கள் அப்படி ஒன்றும் அழகில்லை. சில வெங்காயம் மாதிரி இருந்தன. முதல் சிங்கத்தின் காதிலிருந்து ஒரு பழைய சூயிங்கம் வந்தது.

கீழே காலடிச் சத்தம் கேட்டது. ஹிலரி. கையில் அவளும் ஒரு துணி வைத்திருந்தாள், அம்மாவின் பழைய ஏப்ரன். கீழ்ப்படியில் மண்டியிட்டு, அவள் பாட்டுக்கு அங்கிருந்து துடைக்கத் தொடங்கினாள். 

நடுத் திருப்பத்துச் சிங்கத்தருகே இருவரும் நெருங்கியபோது ஹிலரி பேசினாள்.

"ரெண்டாவது தடவ டேப் போட்டாங்கல்ல."

"ம்."

"முதல் தடவ, யாரோ செத்துட்டாங்கன்னு எழுதியிருந்தேன். ரெண்டாவது தடவதான் தெரிஞ்சுது, அந்தம்மாவோட குடை தொலைஞ்சிருக்கு."

டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹிலரியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு, துணியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"அவங்கல்லாம் உன்னத் திட்டினப்போ நான் சும்மா நின்னேன்."

"பாத்தேன்."

"நான்தான் கேட்டேன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல." ஹிலரியின் காது சிவந்திருந்தது. "இன்னொண்ணு சொல்றேன். நீ கத்துவேன்னு நான் நினைக்கவே இல்ல. உன் இடத்துல நான் இருந்தா கத்தியிருக்க மாட்டேன், டெஸ்ஸா. பேட்ஜத்தான் எடுத்துக்கிட்டிருப்பேன்."

டெஸ்ஸா அக்காவைப் பார்த்தாள். வலித்தது. ஆனால் புதுச் செய்தியாகவும் இல்லை.

"தெரியும்" என்றாள். மெழுகு டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். "அந்தச் சிங்கத்துக்குக் கழுத்துக்கடியில துடைக்கல பாரு."